எந்த வண்டிக்கு எந்த டர்போ?

கம்பளையைத் தாண்டிப் புசல்லாவை வரையும் வானுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. இறம்பொடை ஏற்றத்தின் கூரிய வளைவொன்றிலே திரும்பியபொழுதுதான் அது முனகத் தொடங்கிற்று. பின்புறத்தில் கரும்புகை கிளம்பியது. பின்னால் வந்த பஸ்வண்டிக்காரர் பொறுமையிழந்து ஹோணை அழுத்தினார். பன்னிருவராக ஏறியிருந்த எங்களுள் ஆடவர் அனைவரும் இறங்கி நடந்தோம். சிறிது தூரம் சென்றதும் பெண்களும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதாயிற்று. இது 2023ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையொன்றில் நடந்தது.

வானை ஓட்டிவந்தவர் என்னிடம் பௌதிகம் கற்றவர். வாடகை ஓட்டத்தையே சீவனோபாயமாகக் கொண்டவர்.

"என்ன தம்பி, வண்டிக்கு என்ன வந்தது?" என்று கேட்டேன்.

"எஞ்சினிலே பிழையில்லை, சேர். போன மாதந்தான் பெரிய டர்போ ஒன்று மாற்றினேன். சமதரையிலே பறக்கிறது. மலைக்குத்தான் மறுக்கிறது" என்றார் அவர்.

அந்தப் பெரிய டர்போவை வாங்குவதற்காக மனைவியின் சங்கிலி அடகுக்கடைக்குச் சென்றிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். பழைய டர்போ தேய்ந்துவிட்டது. புதிதாய் வாங்குவதானால் அதனினும் பெரியதை வாங்கினால் வலுவும் பெரிதாகும் என்று விற்றவர் சொன்னார், இவரும் நம்பினார். பெரிது என்றால் நல்லது என்னும் எண்ணம் நம்மவர் எல்லோரிடமும் உண்டு. கலியாணப் பந்தல் முதல் வானொலிப் பெட்டி வரை அதுவே நமது அளவுகோல். டர்போ விடயத்தில் மட்டும் அது செல்லாது. ஏன் செல்லாது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

கொல்லன் பட்டறையைப் பார்த்திராத வாசகர் இருக்கமாட்டார். உலையில் எவ்வளவு கரியைக் கொட்டினாலும் துருத்தி ஊதாவிடின் இரும்பு பழுக்காது. நெருப்புக்கு உணவு கரி மாத்திரமன்று, வளியுந்தான். மோட்டார் வண்டியின் எஞ்சினும் அத்தகையதே. ஓர் இறாத்தல் பெற்றோலை முற்றாக எரிப்பதற்கு ஏறக்குறைய 15 இறாத்தல் வளி வேண்டும். டீசல் எஞ்சினோ கரும்புகையின்றி எரிய அதனிலுங் கூடுதலாகவே கேட்கும். ஆகவே எஞ்சினின் வலுவைப் பெருக்க விரும்புவோர் எரிபொருளைக் கூட்டினாற் போதாது. அதற்கேற்ற வளியையும் உருளைகளுக்குள்ளே திணித்தல் வேண்டும். இத்திணிப்பு வேலையைச் செய்யும் துருத்தியே டர்போச்சார்ஜர்.

துருத்தியை இழுக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா? இங்கே அந்த ஆள், எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகைதான். நத்தையோட்டைப் போன்ற இரண்டு வார்ப்புக் கூடுகள், அவற்றுள்ளே ஒரே தண்டின் இரு முனைகளிலும் பொருத்திய இரண்டு சில்லுகள்: இவ்வளவே இக்கருவி. ஒரு கூட்டினுள் புகை பாய்ந்து சுழலிச் சில்லைச் சுழற்றுகிறது. மறு கூட்டினுள் உள்ள அமுக்கிச் சில்லு அதே வேகத்தில் சுழன்று வெளிவளியை இழுத்து நெருக்கி எஞ்சினுக்கு அனுப்புகிறது. சுழலும் வேகம் நிமிடத்துக்கு ஓரிலட்சத்தையும் தாண்டும். சிறிய டர்போக்களில் இரண்டு இலட்சத்தையும் மிஞ்சும். வீணே போகும் புகையிலிருந்து இவ்வேலையைப் பெறும் எண்ணம் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கியுடையது. 1905ஆம் ஆண்டிலேயே அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். கருத்துக்கேற்ற உலோகங்கள் வாய்க்க நெடுங்காலம் சென்றது. 1925ஆம் ஆண்டளவிலேயே அவர் பெரிய டீசல் எஞ்சின்களின் வலுவை நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் உயர்த்திக் காட்ட முடிந்தது.

மலைக்கும் டர்போவுக்கும் பழைய உறவு உண்டு. 1918ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் சான்போட் மொஸ், லிபேர்ட்டி என்னும் விமான எஞ்சினை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு கொலராடோ மாநிலத்துப் பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்குச் சென்றார். உயரம் 14,000 அடிக்கு மேல். தாழ்நிலத்தில் 350 பரிவலு தந்த எஞ்சின் அந்த மெல்லிய காற்றிலே 230 பரிவலுவே தந்தது. டர்போவைப் பூட்டியதும் 356 ஆயிற்று. மலையில் மூச்சுத்திணறும் எஞ்சினுக்கு மருந்தாகவே டர்போ அன்று பரீட்சிக்கப்பட்டது. அங்ஙனமிருக்க, எங்கள் வானை மலையிலே கைவிட்டது டர்போவன்று. அதன் அளவுப் பொருத்தமின்மையே.

இனி அளவுகளுக்கு வருவோம். டர்போவின் மேலுள்ள எண்களையும் எழுத்துகளையும் கண்டு பலர் மருளுகின்றனர். எடுத்துக்காட்டாக, கரெட் நிறுவனத்தாரின் ஜீ.டி. 2860 ஆர்.எஸ். என்னும் பெயர்பெற்ற டர்போவைக் கொள்வோம். இதிலே 28 என்பது சட்டகத்தின் அளவை, அஃதாவது சுழலிப் பக்கத்தின் குடும்பத்தைக் குறிக்கும். 60 என்பது அமுக்கிச் சில்லின் பெரிய விட்டம், மில்லிமீற்றரில். ஆர் என்பது தண்டு குண்டுப் போதிகைகளில் சுழல்வதைக் காட்டுகிறது. மிற்சுபிசி நிறுவனத்தாரின் வழக்கம் வேறு. அவர்கள் சுழலிக் கூட்டின் வாய்ப்பரப்பைச் சதுர சென்ரிமீற்றரிலேயே குறித்துவிடுவர். ஆகவே ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு நேரே ஒப்பிடுதல் கூடாது.

அமுக்கிச் சில்லுக்கு இரண்டு விட்டங்கள் உண்டு. வளி உட்புகும் வாய்ப்பக்கத்தின் விட்டம் சிறியது. வெளியேறும் விளிம்பின் விட்டம் பெரியது. சிறியதன் வர்க்கத்தைப் பெரியதன் வர்க்கத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைக்கும் எண்ணை ட்ரிம் என்பர். மேலே சொன்ன டர்போவில் வாய் விட்டம் 47.2 மில்லிமீற்றர், விளிம்பு விட்டம் 60.1 மில்லிமீற்றர். மாணவர்கள் வகுத்துப் பார்க்கட்டும். ஏறக்குறைய 62 வரும். ஒரே விளிம்பு விட்டமுடைய இரு சில்லுகளுள் ட்ரிம் கூடியது கூடுதலான வளியை விழுங்கும். விளிம்பு விட்டம் வேறுபடுமாயின் ட்ரிம்மை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூற இயலாது. இந்த இடத்தில் வியாபாரிகளும் சறுக்குவதுண்டு.

அடுத்தது ஏ/ஆர் என்னும் விகிதம். எங்கள் வானின் கதையே இதில்தான் அடங்கியிருக்கிறது. நத்தையோட்டு வடிவான கூட்டை ஓரிடத்தில் குறுக்கே வெட்டுவதாக எண்ணுங்கள். அவ்வெட்டுமுகத்தின் பரப்பை, அதன் மையத்துக்கும் தண்டின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தால், அஃதாவது ஆரையால், வகுத்தால் வருவதே ஏ/ஆர். கூடு உள்நோக்கிச் சுருள்கையில் பரப்புங் குறையும், ஆரையுங் குறையும். ஆதலால் எவ்விடத்தில் வெட்டினாலும் விகிதம் ஒன்றே. அமுக்கிப் பக்கத்தில் இவ்வெண் கூடினாலும் குறைந்தாலும் பெரிய வேறுபாடில்லை. சுழலிப் பக்கத்திலோ இதுவே உயிர்நாடி.

தோட்டத்துக்கு நீர் இறைக்கும் குழாயின் வாயைப் பெருவிரலால் அடைத்தால் நீர் விரைந்து பீறிடுவதை அறிவோம். ஏ/ஆர் சிறியதானால் அதுவே நிகழ்கிறது. புகை ஒடுங்கிய வழியாக விரைந்து பாய்ந்து சில்லை உடனே சுழற்றுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்பொழுதே டர்போ விழித்துக்கொள்ளும். ஆனால் எஞ்சின் விரைந்து ஓடுங்கால் அந்த ஒடுங்கிய வழியே புகைக்கு அடைப்பாகிவிடும். உருளைகளில் புகை தேங்கி எதிரமுக்கம் ஏறும். மேற்கதியில் வலு குன்றும். ஏ/ஆர் பெரியதானால் இதற்கு நேர்மாறு. மேற்கதியில் தாராளம், கீழ்க்கதியில் சோம்பல். ஜீ.டி. 2860 ஆர்.எஸ். டர்போவையே 0.64 கூட்டுடனும் பெறலாம், 0.86 கூட்டுடனும் பெறலாம். சில்லுகள் ஒன்றாயிருந்தும் வண்டியின் குணம் வேறாகிவிடும். ஒரே குடும்பத்து டர்போக்களுக்குள்தான் இந்த ஒப்பீடு பொருந்தும் என்பதையும் நினைவிற்கொள்க. பெரிய சுழலியின் 0.64 கூடும் சிறிய சுழலியின் 0.64 கூடும் ஒரே அளவினவல்ல.

அமுக்கத்தைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. "இந்த டர்போ 15 இறாத்தல் அடிக்கும்" என்று பெருமையாகச் சொல்லுவார்கள். அமுக்கம் வேறு, வளியின் அளவு வேறு. சிறிய டர்போவும் 15 இறாத்தல் காட்டலாம், பெரியதும் அதையே காட்டலாம். நிமிடத்துக்கு அனுப்பும் வளியின் திணிவோ ஒன்றாயிராது. எஞ்சினுக்கு உணவு திணிவேயன்றி மானியின் முள் அன்று. மேலும் வளியை நெருக்கினால் அது சூடேறும். 30 பாகை வெப்பமுள்ள வளியை இருமடங்கு அமுக்கத்துக்கு நெருக்கும்பொழுது, அமுக்கியின் வினைத்திறன் நூற்றுக்கு 70 ஆனால் ஏறக்குறைய 125 பாகையாகும். 60 ஆனால் 140 பாகையாகும். சூடேறிய வளி விரிந்து அடர்த்தி குறையும். அதனாற்றான் இடையிலே இன்ரர்கூலர் என்னும் குளிர்த்தியை வைக்கின்றனர். பெற்றோல் வண்டியில் இச்சூடு தட்டல் என்னும் நோய்க்கும் வழிவகுத்து பிஸ்டனையே உடைத்துவிட வல்லது. பெற்றோல் வண்டிக்காரர் இரட்டை எச்சரிக்கையாயிருத்தல் நன்று.

அவ்வாறாயின் ஓர் எஞ்சினுக்கு எவ்வளவு வளி வேண்டும் என்று கணிப்பது எங்ஙனம்? இதற்கு உயர்தரக் கணிதம் தேவையில்லை. எங்கள் வானின் எஞ்சின் 3 இலீற்றர் டீசல். நாலடிப்பு எஞ்சினாகையால் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறையே தன் கொள்ளளவு முழுவதையும் நிரப்புகிறது. நிமிடத்துக்கு 3,400 சுழற்சியில் 3ஐ 1,700ஆல் பெருக்க 5,100 இலீற்றர். உருளைகள் முழுதும் நிரம்புவதில்லை. நூற்றுக்கு 90 பங்கு என்று கொண்டால் ஏறக்குறைய 4,600 இலீற்றர். டர்போ ஒரு பார் அமுக்கத்தைக் கூட்டுவதாகவும், வளி குளிர்த்தியைத் தாண்டி 50 பாகையில் வருவதாகவும் கொண்டால், ஒரு கன மீற்றர் வளியின் திணிவு ஏறக்குறைய 2.2 கிலோகிராம். ஆகவே நிமிடத்துக்கு 10 கிலோகிராம், அஃதாவது 22 இறாத்தல் வளி தேவை. இறாத்தலில் சொல்வதற்குக் காரணம், டர்போ விற்போரின் வரைபுகள் பெரும்பாலும் அந்த அலகிலேயே வெளிவருவதுதான்.

இது உச்சக் கதியில். ஆனால் அந்த வான் நாள்முழுதும் 3,400 சுழற்சியிலா ஓடுகிறது? ஏற்றத்தில் வளைவு திரும்பி எழும்பொழுது 1,600 அளவில்தான் எஞ்சின் நிற்கும். அதே கணக்கை 1,600க்குச் செய்தால் வருவது 10½ இறாத்தல். ஆக, இந்த எஞ்சினுக்கேற்ற டர்போ 10½ இறாத்தலிலும் சுகமாக இருக்க வேண்டும், 22 இறாத்தலிலும் திணறாமல் இருக்க வேண்டும். டர்போ தெரிவின் சூட்சுமம் இவ்விரு எண்களுக்கும் இடையிலேயே உள்ளது. தம்பி வாங்கியது 22ஐயும் தாண்டி விழுங்கவல்ல பெரிய வயிறு. 10½ இறாத்தலுக்கு அது கண்விழிக்கவேயில்லை. போதாக்குறைக்கு, பெரிய டர்போ வந்துவிட்டதென்று பட்டறையில் டீசலையும் கூட்டிவைத்திருந்தனர். வளி வராமல் டீசல் மட்டும் வந்தால் கரும்புகை எழாமல் வேறென்ன எழும்?

இவ்விரு எண்களையும் பொருத்திப் பார்ப்பதற்கென்றே நல்ல நிறுவனங்கள் ஒவ்வொரு டர்போவுக்கும் ஒரு வரைபு வெளியிடுகின்றன. கிடையச்சில் நிமிடத்துக்கான வளி. நிலையச்சில் அமுக்க விகிதம். புவியியல் மாணவர்கள் இதனைக் கண்டதும் சமவுயரக் கோட்டுப் படம் என்றே எண்ணுவர். தீவுகள்போல ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வளையங்கள் உயரத்தையன்றி வினைத்திறனைக் குறிக்கின்றன. நடுத்தீவே சிறந்த இடம். இடப்பக்க எல்லைக்கு அப்பால் சேர்ஜ் என்னும் எதிரோட்டம்: அமுக்கத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் வளி பின்னோக்கிப் புரண்டு, டர்போ படபடவென அடித்துக்கொள்ளும், தாங்கிகள் தேயும். வலப்பக்க எல்லைக்கு அப்பால் சோக் என்னும் நெரிவு: எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் மேற்கொண்டு வளி செல்லாது, சூடு மட்டும் ஏறும். எஞ்சினின் மேற்கதிப் புள்ளியும் கீழ்க்கதிப் புள்ளியும் இவ்விரு எல்லைகளுக்குள்ளும் விழ வேண்டும். அடிக்கடி ஓடும் கதி நடுத்தீவை அண்டி விழ வேண்டும்.

அமுக்க விகிதத்தைக் கணிப்பதில் ஊரையும் உயரத்தையும் மறத்தலாகாது. யாழ்ப்பாணத்தில் வெளியமுக்கம் ஒரு பார். அதன்மேல் ஒரு பார் கூட்டினால் விகிதம் 2. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே வெளியமுக்கம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்களவே. எஞ்சினுக்குள் அதே 2 பார் நிற்க வேண்டுமாயின் விகிதம் 2½ ஆக வேண்டும். அதற்கு டர்போ இன்னும் விரைவாகச் சுழல வேண்டும். சமதரையிலேயே தூங்கி விழும் பெரிய டர்போ மலையில் என்ன செய்யும் என்பதை இறம்பொடையிலே கண்ணாரக் கண்டோம்.

பெரிய நிறுவனங்களும் இப்பாடத்தை அனுபவத்தாலேயே கற்றன. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெற்பயர், செவ்ரோலே கோர்வெயர் என்னும் இரண்டு கார்கள் டர்போவுடன் விற்பனைக்கு வந்தன. நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1973இல் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ வந்தது. 170 பரிவலு, ஆனால் 4,000 சுழற்சியை நெருங்கும்வரை சாதுவாயிருந்துவிட்டுத் திடீரெனப் பாயும் குணம். பந்தயக்காரருக்கு அது விருந்து. மழைநாளில் வளைவில் திரும்பும் குடும்பத்தலைவருக்கு அவ்வாறன்று. 1977இல் சுவீடனின் சாப் நிறுவனத்தார் வேறு வழியை எண்ணினர். அவர்களுடைய சாப் 99 டர்போவில் சிறிய டர்போவைப் பூட்டினர். அது கீழ்க்கதியிலேயே விழித்தெழும். மேற்கதியில் மிஞ்சும் புகையை வேஸ்ட்கேற் என்னும் சிறு கதவைத் திறந்து புறவழியே விட்டனர். 2 இலீற்றர் எஞ்சினில் 145 பரிவலுதான். ஆயினும் முறுக்கம் 3,000 சுழற்சியிலேயே உச்சத்தை அடைந்தது. கடைத்தெருவுக்குப் போகும் மனிதனும் டர்போவின் பயனை அடையலாம் என்று காட்டியது, என் எண்ணப்படி, இந்தச் சாப் வண்டியே.

இக்காலத்து டீசல் வான்கள் பலவற்றில் இன்னொரு நுட்பம் உண்டு. சுழலிச் சில்லைச் சுற்றி அசையும் இதழ்கள் இருக்கும். கீழ்க்கதியில் அவை ஒடுங்கி வழியைச் சிறிதாக்கும்; மேற்கதியில் விரிந்து பெரிதாக்கும். ஏ/ஆர் விகிதத்தையே ஓட்டத்தில் மாற்றிக்கொள்வது போன்றது இது. இவ்வகை டர்போவைக் கழற்றிவிட்டு இதழில்லாததைப் பூட்டுவது, வண்டியின் கணினியையும் குழப்பி எச்சரிக்கை விளக்கையும் எரியவிடும் வேலையாகும்.

வாங்கும்பொழுது பெயர்த்தகட்டிலுள்ள உதிரிப்பாக இலக்கத்தைப் பழையதோடு ஒப்பிட வேண்டும். பழைய டர்போ ஏன் பழுதாயிற்று என்று காணாமல் புதியதைப் பூட்டக்கூடாது. அழுக்கேறிய எண்ணெயும் அடைபட்ட எண்ணெய்க் குழாயும் புதியதையும் பழையதன் வழியே அனுப்பிவிடும். இவற்றை நல்ல மெக்கானிக் ஒவ்வொருவரும் அறிவர்.

யாழ்ப்பாணம் திரும்பிய மறுவாரம் தம்பி என் வீட்டுக்கு வந்தார். மேலே எழுதிய கணக்கை இருவருமாக ஒரு கொப்பித் தாளில் செய்து பார்த்தோம். அத்தாளோடு அவர் கடை கடையாக ஏறி இறங்கி, வண்டிக்கு முதலில் இருந்த அளவிலேயே ஒரு டர்போவைத் தேடிப் பிடித்தார். டீசலையும் பழைய அளவுக்குக் குறைப்பித்தார். பெரியதை விற்றவர் அதனைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். சங்கிலி மீள்வதற்கு மேலும் ஏழு மாதங்கள் சென்றன. ஆயினும் வான் மலைக்குப் போகத் தொடங்கிவிட்டது. சென்ற முறை இறம்பொடையிலே எவரும் இறங்கவில்லை என்று தொலைபேசியில் சொன்னார்.

அந்தப் பெரிய டர்போவையும் தேய்ந்த பழையதையும் எங்கள் பௌதிக ஆய்வுகூடத்துக்கே தந்துவிட்டார். உயர்தர வகுப்பு மாணவர்கள் இப்பொழுது வேணியர் இடுக்கியால் அவற்றை அளந்து பழகுகின்றனர். பெரியதன் அமுக்கிச் சில்லு 52, 71 மில்லிமீற்றர். பழையதன் சில்லு 44, 58 மில்லிமீற்றர். "சேர், ட்ரிம் பெரியதுக்கு 54, சின்னதுக்கு 58 வருகிறதே! கணக்குப் பிழையா?" என்று ஒரு மாணவன் சென்ற வாரம் கேட்டான். கணக்கிலே பிழையில்லை என்றேன். வாய் விட்டங்களின் வர்க்கங்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி சொன்னேன். பெரியதன் வாய் நூற்றுக்கு 40 பங்கு அகலம் என்று கண்டபின்னரே அவன் இடுக்கியைக் கீழே வைத்தான்.